சிகாகோ தூக்கம்

எல்தார் பாலாடைக் கிண்ணத்தில் முகத்தைப் பதித்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

காலை மணி பத்து. ஜன்னல் வழியாக ஜூன் மாத வெயில் மேஜைமேல் கொட்டிக் கிடந்தது. குபாத் மகனை இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினான். பதிமூன்று மாதக் குழந்தை கண்ணைத் திறக்காமலேயே நாக்கை நீட்டி மேலுதட்டுப் பாலாடையை நக்கிவிட்டு, அப்பன் தோளில் சாய்ந்து, விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்ந்தது.

"டேய், எழுந்திருடா! இது பகல்! பகல்!"

"கத்தாதே. குழந்தை தூங்குது" என்றாள் அக்கா சயிராகுல், அடுப்படியிலிருந்து.

"அதுக்குத்தானே கத்துறேன்!"

நாலு வயது துமார், மேஜைக்கு அடியில் கம்பளத்தில் சுருண்டு கிடந்தாள். வாயில் பாதி ரொட்டி இருந்தது. குபாத் குனிந்து அவள் காலைப் பிடித்து இழுத்தான். கால் வந்தது, தூக்கமும் கூடவே வந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை பிஷ்கெக்கில் வந்து இறங்கினார்கள். இன்று புதன். சிகாகோவுக்கும் இந்த ஊருக்கும் பதினோரு மணி நேர வித்தியாசம். குபாத்தும் அவன் மனைவி மைரமும் பெரியவர்கள், தேநீரை ஊற்றி ஊற்றித் தள்ளாடிக்கொண்டாவது நடமாடினார்கள். குழந்தைகள் இரண்டும் பிஷ்கெக் சூரியனைச் சட்டையே செய்யவில்லை. மாலை ஆறு மணிக்கு எழுந்து, விடிய விடிய ஆட்டம் போட்டு, காலை ஏழு மணிக்குப் படுத்தன.

வேறு சமயமாக இருந்தால் தூங்கித் தொலையட்டும் என்று விட்டிருப்பான். ஆனால் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எல்தாரின் கால்கட்டு அறுக்கும் விழா. நடக்கத் தொடங்கிய குழந்தையின் கணுக்கால்களைக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் கட்டி நிற்க வைப்பார்கள். தூரத்திலிருந்து பிள்ளைகள் ஓடி வருவார்கள். முதலில் வந்து சேருகிற பிள்ளை கத்தியால் நூலை அறுக்கும். அறுத்த கையோடு குழந்தை அடியெடுத்து வைக்க வேண்டும். அன்றைக்கு எப்படி நடக்கிறதோ அப்படித்தான் ஆயுசு முழுக்க நடக்கும் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. எண்பது பேர் கண்ணைக் கொட்டாமல் பார்ப்பார்கள்.

அந்த எண்பது பேருக்கு நடுவில் தன் மகன் மாவு மூட்டை மாதிரி சரிந்து விழுவதைக் குபாத் தினமும் நாலு தடவை மனக்கண்ணில் பார்த்தான். தலாஸிலிருந்து வரும் தாய்மாமா கூட்டம் என்ன பேசும் என்பதும் காதில் விழுந்தது. 'ஒன்பது வருஷம் ஊர்ப்பக்கமே வராதவன் பிள்ளை வேற எப்படி இருக்கும்? நம்ம மண்ணுல நிக்கக்கூட வரலை.' இதை நினைத்தாலே அவனுக்கு உச்சி மண்டை சுட்டது. ஊரைவிட்டுப் போனவன் என்ற சொல்லை மகன் தலையில் ஏற்றக் கூடாது என்றுதான் இருந்த விடுப்பை எல்லாம் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

இதற்கான தயாரிப்பும் இல்லாமல் இல்லை. சிகாகோவில் குழந்தை மருத்துவர் கொடுத்த அட்டவணையை அச்செடுத்துக் கொண்டுவந்து அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தான். காலையில் குழந்தைகள்மேல் வெயில் பட வேண்டும். சாப்பாடு உள்ளூர் நேரப்படி. பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்க விடக் கூடாது. சாயங்காலம் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். கடைசி வரி, 'பெற்றோர் பொறுமையாக இருக்க வேண்டும்' என்பது. அச்செடுக்கும்போது அது மட்டும் தாளில் விழாமல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமையே அக்கா அந்தத் தாளுக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"குபாத், விழா விஷயமா ஒண்ணு சொல்லணும்..."

"விழா சனிக்கிழமை. பகல் பன்னெண்டு. அதுல ஒண்ணும் மாத்தமில்லை. நீ விருந்தைப் பாரு, பிள்ளைங்க தூக்கத்தை நான் பாத்துக்கறேன்."

"நான் சொல்ல வந்தது..."

"அக்கா, நீ ஆட்டுக்குட்டி வளர்க்குற மாதிரி பிள்ளை வளர்ப்பே. இது விஞ்ஞானம்."

சயிராகுல் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அம்மா அப்பா போனபிறகு அவனுக்குப் பால்பல் விழுந்ததிலிருந்து மீசை முளைத்ததுவரை எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு தடவை வாயை அடைத்தால் மறு தடவை திறக்கிற ரகமில்லை அவள்.

அட்டவணையின் முதல் வரி வெயில். இன்று அதற்காகக் குபாத் இரண்டு குழந்தைகளையும் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினான். அங்கே இருக்கிற இரைச்சலில் பிணம்கூட எழுந்து உட்காரும் என்பது அவன் கணக்கு.

ஆனால் தெருவெல்லாம் குண்டும் குழியும். வண்டி குலுங்கக் குலுங்கக் குழந்தைகளுக்குத் தொட்டிலில் போட்டு ஆட்டின மாதிரி ஆகிவிட்டது. சந்தை வாசலுக்கு வருவதற்குள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கின. குபாத் வண்டியை நிறுத்தித் துமாரை இறக்கி நிற்க வைத்தான். அவள் நின்றபடியே தூங்கினாள். கையைப் பிடித்து நடத்தினான். நடந்தபடியே தூங்கினாள்.

பாதாம்பருப்பு விற்கும் பெண் ஒருத்தி எழுந்தே விட்டாள்.

"ஏம்ப்பா, உனக்கு மனசாட்சி இருக்கா? தூங்குற பிள்ளையை இந்த வெயில்ல தரதரன்னு இழுத்துட்டுப் போறியே!"

"இதுக்குப் பேரு ஜெட்லாக், அம்மா. தூங்க விடக் கூடாது."

"என்ன லாக்கோ! பெத்தவதான் எங்கே? அவளுக்குத் தெரியுமா நீ பிள்ளையைத் தூக்கிட்டு வந்தது?"

அவ்வளவுதான், நாலு கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர், குழந்தைகள் இவன் குழந்தைகள்தானா என்று துமாரிடமே கேட்டார். துமார் தூக்கத்தில் "தெரியாது" என்றாள். மைரம் டாக்சி பிடித்து வந்து, கைபேசியில் குடும்பப் படங்களைக் காட்டி, மன்னிப்பும் கேட்டு மூன்று பேரையும் மீட்டுக்கொண்டு போக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வரும் வழியில் அவள் கணவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினாள்.

"நாலு நாள்ல சரியாயிடும்னு டாக்டரே சொன்னார். நீங்க ஏன் இப்படி வெறி பிடிச்சு அலையுறீங்க?"

"நாலு நாள் கழிச்சு விழா முடிஞ்சிருக்கும்!"

"முடிஞ்சா முடியட்டும். தூங்கிக்கிட்டே நின்னா என்ன, கொலைக்குத்தமா?"

"உனக்குத் தெரியாது. நீ பிஷ்கெக்காரி. தலாஸ்காரங்க வாய் உனக்குத் தெரியாது."

அடுத்தது தண்ணீர். முற்றத்தில் துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியில் கிணற்றுக் குழாய்த் தண்ணீரை நிரப்பினான். மலைப்பனி உருகி வருகிற தண்ணீர், கையை வைத்தாலே குளிர் எலும்புவரை ஏறும். எல்தாரின் கால் பட்டதுதான் தாமதம், குழந்தை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் வேலியைத் தாண்டி ஓடியது. குபாத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா? முழிச்சிட்டான்!"

சயிராகுல் ஓடி வந்தாள், குழந்தையைப் பறித்தாள், துண்டில் சுற்றினாள், உள்ளே போனாள். அழுது களைத்த குழந்தை சூடான துண்டுக்குள் இரண்டே நிமிஷத்தில் அடங்கிவிட்டது. குபாத் பின்னாலேயே ஓடிப் பார்த்தபோது, அறை ஜன்னல் முழுக்கக் கனத்த கம்பளத்தைத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் உட்கார்ந்து தாலாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! என்ன பண்றே?"

"உஷ்."

"நான் ஒரு பக்கம் எழுப்புறேன், நீ ஒரு பக்கம் தூங்க வைக்கிறே! வேணும்னே பண்றியா?"

"தூங்கட்டும்டா. பிஞ்சு உடம்பு."

குபாத் கம்பளத்தைப் பிடுங்கிக் கீழே போட்டான். அவள் எடுத்து மறுபடி மாட்டினாள். அவன் பிடுங்கினான். மூன்றாவது தடவை அவள் ஆணி அடித்து மாட்டினாள். சுத்தியல் சத்தத்துக்கும் குழந்தை அசையவில்லை.

அன்று இரவு இரண்டு மணிக்குக் குபாத் விழித்தபோது வீடு கல்யாண வீடாக இருந்தது. எல்லா விளக்கும் எரிந்தன. அக்கா எண்ணெய்ச் சட்டியில் மாவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் அசன், வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷன், மூன்று தந்தி கோமுஸை மீட்டிக்கொண்டிருந்தார். எல்தார் கம்பளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கைதட்டிக்கொண்டு நடந்தான். துமார் அத்தையின் தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"வாடா, நீயும் ஒரு வாய் சாப்பிடு" என்றாள் அக்கா. "பாரேன், என்னமா நடக்கிறான்! சிங்கக்குட்டி!"

"விளக்கை அணைங்க!" குபாத்தின் குரல் கீச்சிட்டது. "ராத்திரி ரெண்டு மணிக்கு நடந்து என்ன பிரயோஜனம்? பகல்ல நடக்கணும்! அட்டவணையைப் படிச்சியா இல்லையா நீ?"

"படிச்சேன். ராத்திரி வெளிச்சம் கூடாதுன்னு போட்டிருக்கு."

"படிச்சிட்டுமா இப்படிப் பண்றே?"

"படிச்சதாலதான் பண்றேன்" என்றாள் சயிராகுல், உருண்டைகளைத் திருப்பிப் போட்டபடி.

இதற்கு மேல் பேசினால் கை நீண்டுவிடும் என்று பயந்து குபாத் போய்ப் படுத்தான். தூக்கம் வரவில்லை. ஒன்பது வருஷமாக வராததற்கு அக்கா பழிவாங்குகிறாள் என்று தோன்றியது. ஊர் முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றும் தோன்றியது. விடியும்போது அது சந்தேகமாக இல்லை, முடிவாகவே ஆகிவிட்டது.

வியாழக்கிழமை வேறு வழி யோசித்தான். பிள்ளைகளைப் பிள்ளைகளால்தான் விழிக்க வைக்க முடியும். சித்தப்பா பிள்ளைகள், பெரியம்மா பேரப்பிள்ளைகள் என்று நகரத்துக்குள்ளேயே ஒரு பட்டாளம் இருந்தது. நாலைந்து வாண்டுகள் வந்து ஆட்டம் போட்டால் துமார் எப்படித் தூங்குவாள்?

காலை பதினோரு மணிக்குச் சித்தப்பா மகன் உலானைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தான். நாலாவது தடவை, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"யாரு..."

"நான்தான் குபாத். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாயேன், இங்க விளையாடட்டும்."

"பிள்ளைங்க தூங்குது..."

"பதினோரு மணிக்கா?"

"சனிக்கிழமை பாக்கலாம்டா..." உலான் கொட்டாவி விட்டான். இணைப்பு அறுந்தது.

பெரியம்மா மகள் எடுக்கவே இல்லை. இன்னொருத்தியின் கணவன் எடுத்து, "இந்த நேரத்துல யாராவது போன் பண்ணுவாங்களா?" என்று எரிந்து விழுந்தான். தலாஸில் தாய்மாமா தோக்தோசுனின் கைபேசி அணைத்தே கிடந்தது. ஒன்பது பேரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் குபாத் கைபேசியைக் கம்பளத்தில் விட்டெறிந்தான்.

தெருவிலாவது பிள்ளைகள் இருக்கும் என்று வாசலுக்கு வந்தான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது இந்தத் தெருவில் கோடை விடுமுறையில் காது கொடுக்க முடியாது. இப்போது பள்ளம் மேடு தெரியாமல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ஒரு குஞ்சு இல்லை. எதிர்வீட்டு ஜன்னலிலும் திரை போட்டிருந்தது.

"பாரு மைரம்" என்றான் உள்ளே வந்து. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். "நாலு நாளா வந்து கிடக்கோம். ஒருத்தர் எட்டிப் பார்த்தாங்களா? முன்னெல்லாம் யாராவது மலைக்குப் போயிட்டு வந்தாலே வீடு கொள்ளாத கூட்டம் வரும். நமக்கு ஒரு போன் எடுக்க ஆளில்லை. நம்மளைக் கழிச்சுக் கட்டிட்டாங்க. கணக்குலயே இல்லை நாம!"

"வேலையா இருப்பாங்க."

"தூங்குறதுதான் வேலையா?"

அத்தான் அசன் முற்றத்துக் கட்டிலில் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குறட்டை விட்டார். அக்காவும் அடுப்படியில் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் பகல் போலிருக்கிறது என்று குபாத் பல்லைக் கடித்தான்.

அன்று மாலை விருந்துக்கான ஆடு வந்தது. கொழுத்த வாலுடன் பழுப்பு நிற ஆடு. அசன் அதைப் பழமரத்தில் கட்டினார். துமார் தூங்கி எழுந்து வந்ததும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்கு 'மணிக்கா' என்று அவளாகவே பெயர் வைத்தாள். அன்று இரவு முழுக்க மணிக்காவுக்குப் புல் ஊட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. துமார் ஆட்டின் வயிற்றிலேயே தலைவைத்துக் கண் சொருகிக்கொண்டிருந்தாள். ஆடும் சொருகிக்கொண்டிருந்தது. நாளைக்கு விழா. குபாத்துக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, வாய் தானாகத் திறந்தது.

"தூங்கு, தூங்கு! நீ தூங்கினதும் மணிக்காவை வெட்டிடுவாங்க!"

துமாரின் கண் இரண்டும் ஊதுபந்து மாதிரி விரிந்தன.

"வெட்டுவாங்களா?"

சொன்னது சொன்னதுதான், திரும்ப விழுங்க முடியாது. "ஆமா. முழிச்சிருந்தா வெட்ட மாட்டாங்க" என்றான் குபாத்.

மைரம் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க எல்லாம் ஒரு அப்பனா?" என்றாள். "பச்சைப் பிள்ளைகிட்ட சொல்ற வார்த்தையா இது?"

குபாத்துக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதன்பிறகு நடந்ததை எந்த மருத்துவரும் எந்த அட்டவணையிலும் எழுதவில்லை. துமார் ஆட்டுக் கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். கண் சொருகும்போதெல்லாம் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். தனியாகச் சமாளிக்க முடியாது என்று தெரிந்ததும், எல்தாரை இழுத்துவந்து துணைக்கு உட்கார வைத்தாள். அவன் தலை சாய்ந்தால் காதில் போய், "மணிக்கா செத்துரும்டா!" என்று அலறினாள். அவன் அழுதான், அவளும் அழுதாள், ஆடும் கூடவே கத்தியது. அசன் எதற்கோ கத்தியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தபோது, துமார் மண்வாரியைத் தூக்கிக்கொண்டு அவர்மேல் பாய்ந்தாள்.

பகல் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. இரண்டு குழந்தைகளும் விழித்தே இருந்தன. எல்தார் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் ஏழு அடி நடந்தான். குபாத் எண்ணினான், ஏழு.

"நாளைக்கு இதே நேரம்!" என்று குதித்தான். "இதே நடை!"

மத்தியானம் மூன்று மணிக்குக் கம்பளம் மாட்டிய அறையிலிருந்து தூங்கி எழுந்துவந்த சயிராகுல், முற்றத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"காலையில இருந்து தூங்கலையா இவங்க?"

"கண்ணே மூடலை!"

"ஐயோ" என்றாள் அக்கா. குழந்தையைத் தூக்கப் போனாள். குபாத் குறுக்கே நின்றான்.

"தொடாதே அக்கா. சொல்லிட்டேன். அவன் என் பிள்ளை."

அந்த வார்த்தை கொஞ்சம் ஆழமாகத்தான் போயிற்று. சயிராகுல் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். குபாத்துக்கு உள்ளே எங்கோ உறுத்தியது. ஆனாலும் ஜெயிக்கிற நேரத்தில் எவன் உறுத்தலைக் கவனிப்பான்?

மாலை ஐந்தரைக்கு அசன் துமாருக்கு எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்தார். அந்த வாரத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்.

"துமார் கண்ணு, மணிக்காவை வெட்ட மாட்டேன். இது சத்தியம். பக்கத்துத் தெருவுல வேற ஆடு இருக்கு, துளிகூட அழகில்லாத ஆடு. நீ போய்த் தூங்கு."

துமார் அவர் முகத்தை ஒரு நிமிஷம் ஆராய்ந்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை அவர் கையில் ஒப்படைத்தாள். அப்படியே அவர் மடியில் விழுந்துவிட்டாள். ஆறு மணிக்கு எல்தாரும் விழுந்தான். நாளெல்லாம் சேர்த்துவைத்த தூக்கம், இடி விழுந்தாலும் கலையாத தூக்கம். குபாத் தானே அந்தக் கனத்த கம்பளத்தை ஜன்னலில் இழுத்து மூடினான். சூரியன் இன்னும் மறையவில்லை, இவன் மகன் பிஷ்கெக் குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். காலை ஆறுக்கு எழுவான், பன்னிரண்டுக்குச் சிங்கம் மாதிரி நடப்பான். குபாத் இருட்டில் நின்று சத்தமில்லாமல் ஒரு குதி குதித்தான்.

அவனும் பக்கத்திலேயே அயர்ந்துவிட்டு, ஒன்பது மணி வாக்கில் வெளியே வந்தபோது அக்கா கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். புதுத் தலைக்குட்டை கட்டியிருந்தாள், காதில் வெள்ளித் தோடு போட்டிருந்தாள். மடியில் கறுப்பு வெள்ளை நூல்.

"தூங்க வெச்சிட்டியா?" என்றாள் மெல்ல.

"வெச்சிட்டேன்! இனி காலையிலதான் எழுந்திருப்பான்!"

"எழுப்ப முடியாதா?"

குபாத்துக்குள் அஞ்சு நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தது பொங்கி வழிந்தது.

"எழுப்பணுமா? இப்பவும் எழுப்பணுமா உனக்கு? ஏன் அக்கா, நான் உனக்கு என்ன பண்ணினேன்? ஒன்பது வருஷம் வரலை, தப்புத்தான். காசு சேரலை, விசா கிடைக்கலை, வரலை. அதுக்காக என் பிள்ளையை ஊர் முன்னாடி கேலிப்பொருள் ஆக்கணுமா? பகலெல்லாம் தூங்க வெச்சே, ராத்திரியெல்லாம் ஆட வெச்சே. எல்லாரும் சேர்ந்துதானே பண்றீங்க? அஞ்சு நாளா சொந்தம்னு ஒருத்தன் வாசல்ல வந்து நிக்கலை! போன் எடுக்கலை! நாளைக்கு மட்டும் எதுக்கு வர்றாங்க, தின்னுட்டுப் போகவா? வர வேண்டாம்னு சொல்லு! ஒருத்தரும் வர வேண்டாம்! நானும் என் பிள்ளையும் தனியா நூலை அறுத்துக்கறோம்!"

சயிராகுல் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் உதட்டோரம் என்னவோ துடித்தது. அழுகையா சிரிப்பா என்று அவனுக்குப் புரியவில்லை. அது அவன் கோபத்தை இன்னும் கிளறிற்று.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு வண்டியின் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

குபாத் கதவைத் திறந்தான். மணி ஒன்பது. பகல் முழுக்க வெறிச்சோடிக் கிடந்த தெருவில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை வண்டிகள் நின்றன. எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்து, விளக்கு எரிந்தது. உலான் இரண்டு பக்கமும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வந்தான். பிள்ளைகள் ஓட்டப் பந்தயத்துக்குக் காலணி கட்டித் தயாராக இருந்தன. பெரியம்மா மகள் தட்டும் மூடியுமாக இறங்கினாள். எல்லார் முகமும் அப்போதுதான் தூங்கி எழுந்து கழுவின மாதிரி பளிச்சென்று இருந்தது. வெள்ளைக் கம்பளித் தொப்பியை நிமிர்த்திக்கொண்டு தாய்மாமா தோக்தோசுன் முதல் ஆளாகப் படியேறினார்.

"மாமா..." குபாத்துக்கு நாக்கு குழறியது. "விழா நாளைக்குப் பகல் பன்னெண்டுக்குத்தானே? இப்ப எதுக்கு எல்லாரும்..."

மாமா அவனை இழுத்து அணைத்து முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார்.

"உனக்குத் தெரியாதாடா? நீ வந்து இறங்கின அன்னிக்கே உங்க அக்கா எல்லாருக்கும் போன் போட்டு, 'பிஞ்சுங்க தூக்கத்தை மாத்துறது பாவம், பெரியவங்க நாம மாத்திக்குவோம், விழா பகல்ல இல்லை, முந்தின ராத்திரி ரெண்டு மணிக்கு'ன்னு சொல்லிட்டா. எண்பது பேரும் அஞ்சு நாளாப் பகல்ல தூங்கி, ராத்திரி முழிச்சுப் பழகிட்டு வந்திருக்கோம், எங்கே, பேரனைக் கொண்டா!"